லயக் காம்பராவுக்கு மின்சார ஹீட்டர்: வாங்குமுன் வயரைப் பாருங்கள்

தை, மாசி மாதங்களில் நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். கொழுந்தையே கருக்கிவிடும் உறைபனி அது. ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கும் ஊர், அப்படித்தான் இருக்கும். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் அந்த அளவுக்குப் பனி இல்லை. ஆனால் ஆனி, ஆடியில் வாரக்கணக்கில் மழை பெய்து, துணி காயாமல், சுவரெல்லாம் ஓதம் ஏறி, எலும்புக்குள் குளிர் இறங்கிவிடும். எந்தக் குளிர் மோசம் என்று கேட்டால் இரண்டு பக்கத்து ஆட்களும் தங்கள் குளிரைத்தான் சொல்வார்கள்.

இந்தக் குளிருக்கு மின்சார ஹீட்டர் வாங்கும் பழக்கம் இப்போது நம் லயங்களுக்கும் வந்துவிட்டது. கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகன் அம்மாவுக்கென்று ஒன்று வாங்கி வருகிறான். வெளிநாட்டுக்குப் போன மகள் காசு அனுப்பி வாங்கச் சொல்கிறாள். பெற்றவர்கள் குளிரில் நடுங்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஹீட்டரைக் கொண்டுவந்து எந்தப் பிளக்கில் சொருகப் போகிறோம், அந்தப் பிளக்குக்குப் பின்னால் இருக்கும் வயர் எப்படிப்பட்டது என்பதை யாரும் பார்ப்பதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் நம்முடைய காம்பரா எப்படிப்பட்டது என்று பார்ப்போம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் ஒரு இஸ்தோப்பு, மேலே தகரம். வெள்ளைக்காரர் காலத்தில் துரை பங்களாவுக்குக் கணப்பு அடுப்பும் புகைபோக்கியும் வைத்துக் கட்டினார்கள். லயத்துக்கு அந்த யோசனை யாருக்கும் வரவில்லை. கரண்ட் விஷயமும் அப்படித்தான். பழைய லக்சபான மின்நிலையம் 1950-ல் ஓடத் தொடங்கியது. பிறகு காசல்ரி, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டன. நம்முடைய தோட்டங்களுக்கு நடுவிலேயே கரண்ட் பிறந்து கொழும்புக்குப் போனது. பக்கத்தில் இருந்த லயத்தில் அதற்குப் பிறகும் பல வருஷம் குப்பி விளக்குத்தான். கடைசியாக லயத்துக்குக் கரண்ட் வந்தபோது, ஒரு காம்பராவுக்கு இரண்டு மூன்று பல்ப், ஒரு ரேடியோ, போனால் ஒரு டீவி என்று கணக்குப் போட்டுத்தான் வயர் இழுத்தார்கள். அந்த வயரில்தான் இன்று ஹீட்டரைச் சொருகுகிறோம்.

கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். பயப்பட வேண்டாம், வகுத்தல் கணக்கு ஒன்றுதான். நம் நாட்டில் வீட்டுக்கு வரும் கரண்ட் 230 வோல்ட். ஒரு சாமானின் அடியிலோ பின்னாலோ எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். அந்த வாட்டை 230-ஆல் வகுத்தால் அது இழுக்கும் ஆம்பியர் வரும். 1000 வாட் ஹீட்டர் 4.3 ஆம்பியர் இழுக்கும். 2000 வாட் ஹீட்டர் 8.7 ஆம்பியர். பல்புக்கு இழுக்கும் வயர் பெரும்பாலும் 1 சதுர மில்லிமீட்டர் கனம்; அதற்கு 5 அல்லது 6 ஆம்பியர் பிரேக்கர்தான் போடுவார்கள். 13 ஆம்பியர் பிளக் பேஸுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் வேண்டும். லயத்தில் பல இடங்களில் என்ன நடந்திருக்கிறது என்றால், பல்புக்கு வந்த மெல்லிய வயரிலிருந்தே ஒரு கிளை எடுத்து, அதன் முனையில் பெரிய சதுரமுள் பிளக் பேஸைப் பொருத்தியிருக்கிறார்கள். வெளியே பார்க்க 13 ஆம்பியர் பிளக். உள்ளே பல்பு வயர். ஆளைப் பார்த்து ஏமாறுவது போல இங்கே பிளக்கைப் பார்த்து ஏமாந்துவிடுகிறோம்.

"இருபது வருஷமாக இதே வயர்தான் ஐயா, ஒன்றும் ஆகவில்லையே" என்று பலர் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது. வயரை முறுக்கி டேப் சுற்றிய மூட்டு, இறுக்காமல் விட்ட ஸ்குரூ, இந்த இடங்களில்தான் சூடு பிறக்கும். கரண்ட் இரண்டு மடங்கானால் அந்தச் சூடு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். பத்து மடங்கு கரண்ட் போனால் நூறு மடங்கு சூடு. பழைய 60 வாட் குண்டு பல்பையும் 2000 வாட் ஹீட்டரையும் ஒப்பிட்டால், அதே மூட்டில் ஆயிரம் மடங்குக்கு மேல் சூடு பிறக்கிறது. இருபது வருஷம் பல்பைத் தாங்கிய மூட்டு ஹீட்டரை ஒரு வாரம் தாங்காமல் போவது இதனால்தான்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு டிவிஷனில் வீடு பார்க்கப் போயிருந்தேன். ஒரு காம்பராவில் பிளக் பேஸ் ஓரமெல்லாம் தேன் நிறமாக மாறி, மீன் கருகியது மாதிரி ஒரு வாடை. ஹீட்டரும் கேத்தலும் ஒரே மல்டி பிளக்கில். வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். "ஆமாங்க ஐயா, ராவுல கொஞ்சம் நாறும். ஜன்னலைத் தொறந்து வச்சிக்குவோம்" என்றார்கள். குளிருக்கு ஹீட்டர், நாற்றத்துக்கு ஜன்னல்! 2000 வாட் ஹீட்டர் 8.7 ஆம்பியர், 1500 வாட் கேத்தல் 6.5 ஆம்பியர். இரண்டையும் கூட்டினால் 15-க்கு மேல். 13 ஆம்பியர் பிளக்கில் அது போகக் கூடாது. அன்று மெயின் சுவிட்சை அணைத்து அந்தப் பேஸைக் கழற்றினோம். பின்னால் வயரின் தோல் அரை அடி தூரத்துக்குப் பொருக்காகி உதிர்ந்தது. அந்தக் காம்பராவில் இரண்டு சின்னப் பிள்ளைகள் படுக்கிறார்கள்.

"அதுதான் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே, விழுந்துவிடாதா?" என்பது அடுத்த கேள்வி. இதை எல்லோரும் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். நாம் ட்ரிப் சுவிட்ச் என்று சொல்வது, கரண்ட் வெளியே கசிந்தால் விழுவது. ஒருவர் வயரைத் தொட்டு அவர் உடம்பு வழியாகக் கரண்ட் நிலத்துக்குப் போனால், அது சட்டென்று விழுந்து உயிரைக் காக்கும். ஆனால் வயர் தாங்காத அளவுக்கு அதிகமாக இழுத்தால் அதற்குத் தெரியாது. அதைப் பார்ப்பது பக்கத்தில் சின்னச் சின்னதாக இருக்கும் பிரேக்கர்கள். அவற்றிலும் ஒரு தந்திரம் நடக்கிறது. ஹீட்டர் போட்டால் பிரேக்கர் விழுகிறது என்று, 6 ஆம்பியரைக் கழற்றி 20 ஆம்பியர் பிரேக்கரை மாட்டிவிடுகிறார்கள். இப்போது விழாது. ஆனால் வயர் அதே மெல்லிய வயர்தான். எச்சரிக்கை செய்தவன் வாயைக் கட்டிப்போட்டது போலத்தான் இது. சதுரமுள் பிளக்குக்குள் ஒரு சின்ன பியூஸ் இருக்கிறது. அது போனால் சிகரட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதும் இதே வேலைதான்.

லயத்தில் இது ஒரு வீட்டு விவகாரமாக நின்றுவிடாது. பல லயங்களில் காம்பராவுக்குக் காம்பரா இடையில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. கூரைக்கும் சுவருக்கும் நடுவில் வழி ஒன்றாகத் திறந்து கிடக்கும். பழைய மரச் சட்டம், சீலிங் மாதிரிக் கட்டிய சாக்கு, பொலித்தீன், மேலே அடுக்கிய விறகு. ஒரு காம்பராவில் பற்றினால் தீ அந்த வழியாக ஓடி முழு லயத்தையும் பிடித்துவிடும். லயன் தீ என்று பத்திரிகையில் வாசிக்கும்போது பத்து வீடு, பன்னிரண்டு வீடு என்று ஒரேயடியாக வருவது இதனால்தான். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேவைக்கால பணப் புத்தகம், பிள்ளைகளின் பாடப் புத்தகம் எல்லாம் அந்த ஒரு ராத்திரியில் போய்விடும். அடுத்த காம்பராக்காரர் ஹீட்டர் வாங்கினால் அது உங்கள் விஷயமும்தான். சண்டை போடச் சொல்லவில்லை, பேசிக்கொள்ளச் சொல்கிறேன்.

இனி யாரிடம் கேட்பது என்ற விஷயம். 1992-ல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. நாம் இருக்கும் லயக் காம்பரா பெரும்பாலும் நம் பேரில் இல்லை. ஆகவே சுவரில் துளை போட்டு ஹீட்டர் மாட்டவோ, புதிதாகப் பிளக் பேஸ் வைக்கவோ, வயர் இழுக்கவோ வேண்டுமென்றால் தோட்ட ஆபீசுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். வாயால் சொல்லாமல், ஒரு தாளில் எழுதி, இன்னொரு பிரதியில் கையெழுத்தும் திகதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதில் தொழிலாளிக்கு நன்மையும் இருக்கிறது. வயர் பழுதாகி ஆபத்தான நிலையில் இருக்கிறது என்று நீங்கள் எழுத்தில் கொடுத்துவிட்டால், எங்களுக்குத் தெரியாது என்று நாளைக்கு யாரும் சொல்ல முடியாது. நாலைந்து காம்பராக்காரர்கள் சேர்ந்து, தோட்டத் தலைவர் மூலமாக ஒரே கடிதமாகக் கொடுத்தால் வயரிங் பாஸ் ஒரே நாளில் வந்து எல்லா வீட்டையும் பார்த்துவிட்டுப் போகலாம், செலவும் குறையும்.

ஒரு மீட்டரில் இரண்டு குடும்பம் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. மகனுக்குக் கல்யாணமாகி, இஸ்தோப்பை அடைத்து அறையாக்கி, அப்பா வீட்டு மீட்டரிலிருந்தே வயர் இழுத்திருப்பார்கள். அங்கே ஹீட்டர் வேண்டவே வேண்டாம். பக்கத்துக் காம்பராவிலிருந்து கூரை வழியாக இழுத்த வயரானால், ஹீட்டர் மட்டுமல்ல, அந்த வயரே இருக்கக் கூடாது.

பில் கணக்கும் பார்த்துவிடுவோம். 1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பல்ப், டீவி, போன் சார்ஜ், ஸ்திரிக்கைப் பெட்டி என்று மாதம் நாற்பது யூனிட் ஓடும் வீட்டில் 1000 வாட் ஹீட்டரை ராத்திரி மூன்று மணி நேரம் போட்டால் மாதம் 90 யூனிட் கூடுகிறது. நாற்பது நூற்று முப்பதாகிவிடும். நம் நாட்டு வீட்டுக் கட்டணம் பல வருஷமாகவே படிப்படியாக ஏறும் கட்டணம். குறைவாகப் பாவிக்கிறவருக்குக் குறைந்த விலை, கூடினால் கூடிய விலை. 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே கணக்கு மாறும் விதமாகத்தான் அதை வைத்திருந்தார்கள். எனவே யூனிட் மூன்று மடங்கானால் பில் மூன்று மடங்கோடு நிற்காது. 2022, 2023-ல் கட்டணம் எகிறியபோது நாம் பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது. விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் இங்கே ரூபாய் எழுதவில்லை. உங்கள் கடைசி பில்லை எடுத்துப் பாருங்கள், படிகள் அதிலேயே இருக்கும்.

கடைக்காரர் ஒரு வகையைக் காட்டி "இது கரண்ட் இழுக்காது, நல்லா சூடாக்கும்" என்பார். நம்ப வேண்டாம். சுருள் கம்பி ஹீட்டர், காற்று ஊதும் ஹீட்டர், எண்ணெய் நிரப்பிய ஹீட்டர், எல்லாம் ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரே அளவு சூட்டைத்தான் தரும். அந்தச் சூட்டை எப்படித் தருகிறது, எவ்வளவு ஆபத்து என்பதில்தான் வித்தியாசம். சிவப்பாக எரியும் குழல் வைத்த ஹீட்டர் முன்னால் இருக்கும் ஆளைச் சூடாக்கும், அறையை அவ்வளவாகச் சூடாக்காது. இடைவெளி நிறைந்த லயத்துக்கு அது பொருத்தம் போலத் தெரியும். ஆனால் போர்வையோ சேலைத் தலைப்போ அருகில் போனால் பற்றிவிடும். காற்று ஊதுவது சீக்கிரம் சூடாக்கும், நிறுத்தினால் உடனே குளிர்ந்துவிடும், தூசியையும் கிளப்பும். எண்ணெய் நிரப்பியது மெதுவாகத்தான் சூடேறும். அதன் எண்ணெய் எரிவதில்லை, குறைவதுமில்லை, உள்ளேயே அடைபட்டிருக்கும். சிவப்பாக எதுவும் வெளியே தெரியாது, சாய்த்தால் தானாக அணையும் சுவிட்சும் பெரும்பாலும் இருக்கும். வயதானவர் ஒருவர் தனியாக இருக்கும் அறைக்கு, வயர் சரியாக இருந்தால், நான் இதைத்தான் சொல்வேன். அதிலும் 1000 வாட்டுக்கு மேல் வேண்டாம். இரண்டு சுவிட்ச் உள்ளதானால் ஒன்றை மட்டும் போடுங்கள். மண்தட்டில் சுருள் கம்பி பதித்த சமையல் ஹீட்டரைக் காம்பராவில் வைத்துக் குளிர்காய்வது மட்டும் கூடவே கூடாது. அந்தக் கம்பியில் நேரடியாகக் கரண்ட் ஓடுகிறது. தவழும் பிள்ளைக்கு அது தெரியுமா?

எதை வாங்கினாலும் சுவரில் உள்ள பிளக் பேஸில் நேரடியாகச் சொருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயர், மல்டி பிளக், உருண்டை முள் அடாப்டர் ஆகாது. அந்தப் பேஸுக்கு மெயின் பெட்டியிலிருந்து தனியாக 2.5 வயரும், தனிப் பிரேக்கரும், எர்த்தும் வந்திருக்க வேண்டும். எர்த் கம்பி நிலத்தில் இருக்கிறதா, அல்லது பெயருக்குச் சுவரோடு நிற்கிறதா என்று பாருங்கள். நம் பக்கத்து நிலம் கல் நிலம். அரை அடி அடித்துவிட்டு விட்டுப்போன எர்த் கம்பிகள் நிறைய உண்டு. இதை என்.வி.கியூ. சான்றிதழ் உள்ள வயர்மேனிடம்தான் கொடுக்க வேண்டும். ஹீட்டரைச் சுற்றி மூன்றடிக்குள் துணி, கட்டில், திரை எதுவும் இருக்கக் கூடாது. மழைக்காலத்தில் நனைந்த படங்கையும் பள்ளிக்கூட உடுப்பையும் ஹீட்டர் மேல் போட்டுக் காய வைப்பதை அடியோடு நிறுத்த வேண்டும். முதல் நாள் அரை மணி நேரம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கின் மேல் புறங்கையை வையுங்கள். இளஞ்சூடாக இருந்தால் சரி. கை வைக்க முடியாத சூடானால் அதற்குமேல் பாவிக்க வேண்டாம். தூங்கும்போது அணைத்துப் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.

தூங்கும்போது அணைத்தால் பிறகு எதற்கு ஹீட்டர் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தகரக் கூரை, சுவருக்கு மேலே திறந்த இடைவெளி, கதவுக்கடியில் இரண்டு விரல் சந்து. இப்படிப்பட்ட காம்பராவில் ஹீட்டர் போட்டால் சூடு மேலே ஏறி வெளியே போய்விடும். அணைத்துப் பத்து நிமிஷத்தில் பழையபடி குளிர். காசு கொடுத்து மலையைச் சூடாக்குகிறோம். ஆகவே அறையைச் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக்குவது நம் நிலைமைக்கு மலிவு. இரப்பரில் செய்த சுடுதண்ணிப் பை மருந்துக் கடையில் கிடைக்கும். ஒன்றரை லீட்டர் தண்ணீரைக் கேத்தலில் கொதிக்க வைக்க ஒரு யூனிட்டில் ஏழில் ஒரு பங்கு அளவுதான் செலவு. 2000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் இழுப்பதைக் கொண்டு ஒரு டசின் பையை நிரப்பலாம். விறகு அடுப்பில் வைத்தால் அதுவும் இல்லை. கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றி, துணியில் சுற்றி, படுப்பதற்கு முன் போர்வைக்குள் வைத்தால் படுக்கை சூடாகிவிடும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். சுடுவது தெரியாமல் புண்ணாகி, அது ஆறாமல் போகும். அவர்கள் படுக்கும்போது பையை எடுத்துவிட வேண்டும். கைக்குழந்தை பக்கத்திலும் வைக்கக் கூடாது. தாயின் உடம்புச் சூடே குழந்தைக்குப் போதும். கதவுச் சந்துக்குச் சாக்கை உருட்டி வையுங்கள். தரையில் படுக்கிறவர்கள் பாய்க்கு அடியில் அட்டையோ தடித்த சாக்கோ போடுங்கள். மேலே இன்னொரு போர்வை போடுவதைவிட அது நன்றாக வேலை செய்யும். சிமெந்துத் தரை அடியிலிருந்தே சூட்டை உறிஞ்சுகிறது.

குளிரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதாக நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வீடு பற்றிய வழிகாட்டியில், குளிர் காலத்தில் வீட்டுக்குள் 18 பாகை செல்சியஸ் இருப்பது பாதுகாப்பு என்று சொல்லியிருக்கிறது. வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இருதய வருத்தம், இழுப்பு உள்ளவர்களுக்கும் அதற்கும் கூடுதலாக வேண்டியிருக்கலாம். நம்முடைய காம்பராக்களில் தை மாத ராத்திரிகளில் அந்தச் சூடு கிடையாது. பாட்டிமார் காலையில் நெஞ்சுச் சளியோடு டிஸ்பென்சரியில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். தேவை உண்மையான தேவைதான். அதனால்தான் கூரைக்கடியில் சீலிங் அடிப்பதையும் வயரிங் மாற்றுவதையும் ஹீட்டருக்கு முன்னால் கேட்க வேண்டும் என்கிறேன்.

கரி நெருப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பில்லுக்குப் பயந்து சட்டியில் கரித்தணல் போட்டு, கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு படுப்பவர்கள் இருக்கிறார்கள். தணலிலிருந்து வரும் காபன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலைவலி, மயக்கம், தூக்கம் போலத் தோன்றும். அந்தத் தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஒருவரை அப்படிக் கண்டால் உடனே வெளியே காற்றுக்குத் தூக்கி வந்து 1990 அம்புலன்சை அழையுங்கள். சாக்கு உருட்டிக் கதவுச் சந்தை அடைக்கச் சொன்னேனே, அது அடுப்போ தணலோ இல்லாத அறைக்கு மட்டும்.

நுவரெலியா, ஹட்டன் டவுனில் அறையோ அனெக்ஸோ வாடகைக்கு எடுத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கும் மேலே சொன்ன எல்லாம் பொருந்தும். கூடுதலாக ஒன்று. வீட்டுக்காரர் தனி மீட்டர் வைத்திருக்கிறாரா, இல்லை முழு வீட்டுப் பில்லையும் பங்கு பிரிக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள். பங்கு பிரித்தால் உங்கள் ஹீட்டர் எல்லோருடைய யூனிட்டையும் மேல் படிக்கு ஏற்றிவிடும். பிறகு வாய்ச்சண்டை வரும். சுவரில் மாட்டும் வகை வாங்க வேண்டாம், காலில் நிற்கும் வகையை வாங்கினால் வீடு மாறும்போது கையோடு கொண்டுபோகலாம். பிளக் பேஸ் மாற்ற வேண்டுமென்றால் செலவு யாருடையது என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

தீ பிடித்துவிட்டால் முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். கரண்ட் இருக்கும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது, மணல் போடலாம். பெரிதாகிவிட்டால் சாமானைத் தேடாமல் பிள்ளைகளையும் வயதானவர்களையும் வெளியே கொண்டுவந்து, அடுத்த காம்பராக்களை எழுப்ப வேண்டும். தீயணைப்புப் படையின் எண் 110. ஒவ்வொரு லயத்துக்கும் இரண்டு வாளி மணல் இஸ்தோப்பில் இருப்பது நல்லது.

தங்கள் காம்பரா வயரைப் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் லயன் இலக்கம், காம்பரா இலக்கம், ஒரு மீட்டரில் எத்தனை குடும்பம், நிறம் மாறிய பிளக் பேஸ் எத்தனை என்பதை ஒரு தாளில் எழுதி சேமநல ஆபீசில் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் வந்து சொன்னால் நாங்களே எழுதிக்கொள்வோம். ஹீட்டர் ஏற்கனவே வாங்கிவிட்டவர்களும் தயங்காமல் வரலாம். அதைப் பறிக்க மாட்டோம்.